மருந்தே தின்னாத குரங்குக்கு மருந்து கேட்காதது ஏன்?

சிம்பன்சிக் குரங்கு மருந்துக் கடைக்குப் போவதில்லை. அதற்கு டாக்டர் கிடையாது. மாத்திரை என்றால் என்னவென்றே தெரியாது. பிறந்த நாள் முதல் சாகும் நாள் வரை காட்டிலே திரிகிறது. பழமும் இலையும் தின்கிறது. தாகம் எடுத்தால் ஓடைத் தண்ணீரைக் குடிக்கிறது.

அப்படிப்பட்ட குரங்கின் வயிற்றில், கடையில் விற்கும் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறது!

"மருந்தே தின்னாத குரங்குக்கு மருந்து கேட்காமல் போவது எப்படி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தேடி, விஞ்ஞானிகள் ஆப்பிரிக்கக் காடுகளில் அலைந்தார்கள். குரங்குகளின் சாணத்தைப் பொறுக்கினார்கள். ஓடைத் தண்ணீரைச் சீசாவில் பிடித்தார்கள். காட்டை ஒட்டி வாழும் மனிதர்களையும், அவர்களுடைய ஆடு மாடுகளையும் சோதித்தார்கள்.

கிடைத்த பதில், மனிதனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

குரங்கைக் காப்பாற்ற வேண்டுமானால், குரங்குக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மனிதனை முதலில் காப்பாற்ற வேண்டும். அவனுக்கு நல்ல தண்ணீர் வேண்டும்; கழிப்பறை வேண்டும்; டாக்டர் வேண்டும். இதுதான் நாம் சொல்ல வந்தது. ஏன் என்று பார்ப்போம்.

கோம்பே காடு

டான்சானியா, ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு நாடு. அதன் மேற்கு ஓரத்தில் டாங்கனிக்கா என்ற பெரிய ஏரி இருக்கிறது. கடலைப் போல் விரிந்து கிடக்கும் ஏரி. அதன் கரையில் இருக்கிறது கோம்பே காடு.

1960-ம் ஆண்டு ஜூலை மாதம் ஜேன் குடால் என்ற ஆங்கிலப் பெண் இந்தக் காட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 26. நாள் முழுவதும் மலைச் சரிவில் உட்கார்ந்து சிம்பன்சிகளைக் கவனித்தார். ஒரு சிம்பன்சி, புல் குச்சியைக் கறையான் புற்றுக்குள் விட்டு, அதில் ஒட்டிக்கொண்டு வந்த கறையான்களைத் தின்பதைக் கண்டார்.

கருவியைச் செய்து பயன்படுத்தத் தெரிந்தவன் மனிதன் ஒருவனே என்று அதுவரை உலகம் நம்பி வந்தது. அந்த நம்பிக்கை கோம்பேயில் உடைந்தது.

ஜேன் குடால் 2025 அக்டோபரில், தமது 91-வது வயதில் காலமானார். அவர் தொடங்கிய ஆராய்ச்சி கோம்பேயில் இன்னும் நடக்கிறது.

கோம்பே மிகச் சிறிய காடு. அங்கே வாழும் சிம்பன்சிகள் ஏறத்தாழ நூறுதான். காட்டைச் சுற்றிலும் கிராமங்கள் இருக்கின்றன. காவல் வேலையிலும் ஆராய்ச்சி வேலையிலும் இருப்பவர்கள் காட்டுக்குள்ளேயே தங்கியிருக்கிறார்கள். மலையிலிருந்து ஓடைகள் இறங்கி ஏரியில் விழுகின்றன.

மனிதனும் அந்த ஓடையில்தான் குளிக்கிறான். சிம்பன்சியும் அந்த ஓடையில்தான் தண்ணீர் குடிக்கிறது.

ஓடை சொன்ன சாட்சி

கோம்பேயில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2021-ம் ஆண்டு வெளிவந்தது. மனிதர்கள், வீட்டு விலங்குகள், சிம்பன்சிகள், பபூன் குரங்குகள் ஆகிய எல்லோருடைய மலத்தையும் விஞ்ஞானிகள் சோதித்தார்கள். ஓடைத் தண்ணீரையும் சோதித்தார்கள்.

அவர்கள் முக்கியமாகத் தேடியது, சல்பா மருந்துக்கு அடங்காத கிருமியை.

சல்பா மருந்து பழைய மருந்து. 1930-களில் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பகுதி மக்கள் வயிற்றுப்போக்குக்கு இதைத்தான் அதிகம் சாப்பிடுகிறார்கள்.

முடிவைப் பாருங்கள்.

மனிதர்களில் 100-க்கு 74 பேரிடம் சல்பாவுக்கு அடங்காத கிருமி இருந்தது.

வீட்டு விலங்குகளில் 100-க்கு 17-ல் இருந்தது.

சிம்பன்சி, பபூன் ஆகிய காட்டுக் குரங்குகளிலோ 100-க்கு 43-ல் இருந்தது!

மருந்து சாப்பிடும் மனிதனிடம் அந்தக் கிருமி இருப்பதில் ஆச்சரியம் இல்லை. மருந்தைக் கண்ணாலும் காணாத குரங்குகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவற்றிடம் அது இருக்கிறதே! எப்படி வந்தது?

ஓடை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். மக்கள் ஓடையில் குளிக்கிறார்கள். ஓடையிலும் ஓடைக் கரையிலும் மலம் கழிக்கிறார்கள். கிருமி தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீரைக் குரங்கு குடிக்கிறது.

சீட்டு கேட்ட மருந்தும், கேட்காத மருந்தும்

அதே பரிசோதனையில் இன்னொரு மருந்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதன் பெயர் டெட்ராசைக்ளின். சல்பாவைப் போலவே இதுவும் கிருமியை அடக்கும் மருந்து.

இதற்கு அடங்காத கிருமி மனிதர்களில் 100-க்கு 14 பேரிடம்தான் இருந்தது. காட்டுக் குரங்குகளில் 100-க்கு 3-ல்தான் இருந்தது.

ஒரு மருந்துக்கு 74. இன்னொரு மருந்துக்கு 14. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

அந்தப் பகுதியில் சல்பா மருந்தை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். சீட்டு வேண்டாம். டெட்ராசைக்ளினுக்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

காரணம் இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு விஷயம் தோன்றாமல் போகாது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஒரு துண்டுக் காகிதம், காட்டுக்குள் இருக்கும் குரங்கின் வயிற்றைக்கூடக் காவல் காக்கிறது!

கிருமி எப்படி அடங்காமல் போகிறது?

இதைப் புரிந்துகொள்வது கஷ்டம் அல்ல.

ஓர் ஊரில் நூறு திருடர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் வந்து 98 பேரைப் பிடித்துவிட்டது. மிகவும் கெட்டிக்காரர்களான இரண்டு பேர் மட்டும் தப்பிவிட்டார்கள். இனி அந்த ஊரில் திருடுகிறவர்கள் எல்லாம் அந்த இரண்டு பேரின் வாரிசுகளாகத்தான் இருப்பார்கள். பழைய முறையில் அவர்களைப் பிடிக்க முடியாது.

கிருமிகளும் அப்படித்தான். மருந்தைக் கண்டபடி சாப்பிட்டால் எளிய கிருமிகள் சாகும். முரட்டுக் கிருமிகள் தப்பும். தப்பிய கிருமிகள் பெருகும்.

கிருமிகளுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். 1950-களில் ஜப்பானில் சீதபேதி பரவியது. ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் அங்கே தோன்றின. அதன் ரகசியத்தை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1959-ல் கண்டுபிடித்தார்கள். மருந்திலிருந்து தப்பிக்கும் வித்தையை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடுகிறது! வேறு சாதிக் கிருமியாக இருந்தாலும் கொடுக்கிறது.

ஆகவே மனித வயிற்றுக் கிருமி குரங்கு வயிற்றில் நிரந்தரமாகக் குடியேற வேண்டும் என்பதுகூட இல்லை. சில நாள் விருந்தாளியாகத் தங்கினால் போதும். வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் இந்த ஆபத்தை அன்றே எச்சரித்தார். 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது அவர் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவனுக்குத் தொண்டை வலி. அவனே பெனிசிலின் வாங்கிப் போட்டுக்கொண்டான். போதிய அளவு போடவில்லை. கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. அந்தக் கிருமி அவன் மனைவிக்குத் தொற்றியது. அவளுக்கு நிமோனியா கண்டது. டாக்டர் பெனிசிலின் கொடுத்தார். கேட்கவில்லை. அவள் இறந்துவிட்டாள்.

அவள் சாவுக்கு யார் பொறுப்பு? கணவன்தான் என்றார் பிளெமிங்.

மனைவியாவது ஒரே வீட்டில் இருந்தவள். கோம்பே சிம்பன்சி காட்டில் இருக்கிறது. அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது நம் கிருமி.

குப்பை மேட்டுக் குரங்குகள்

கோம்பேயில் மட்டும் இப்படியா? இல்லை.

கென்யா நாட்டில் அம்போசெலி என்ற இடம் இருக்கிறது. யானைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே வாழும் பபூன் குரங்குகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி 1985-ல் வெளிவந்தது. சில குரங்குக் கூட்டங்கள் காட்டிலே இரை தேடித் தின்றன. வேறு சில, மனிதர்கள் கொட்டிய குப்பையைக் கிளறித் தின்றன. மருந்துக்கு அடங்காத கிருமி எந்தக் கூட்டத்தில் அதிகம் இருந்தது? குப்பை தின்ற கூட்டத்தில்தான்.

உகாண்டா நாட்டில் பிவிண்டி என்ற அடர்ந்த காடு இருக்கிறது. மலைக் கொரில்லாக்கள் வாழும் இடம். அங்கே நடந்த ஆராய்ச்சி 2008-ல் வெளிவந்தது. ஈ.கோலி என்னும் குடல் கிருமியை எடுத்துச் சோதித்தார்கள். அந்தப் பகுதி மக்கள் பயன்படுத்தும் மருந்துகளில் ஏதாவது ஒன்றுக்காவது அடங்காத கிருமிகள் எத்தனை என்று எண்ணினார்கள்.

மனிதர்களிடம் எடுத்த கிருமிகளில் 100-க்கு 35. கால்நடைகளிடம் எடுத்தவற்றில் 100-க்கு 27. கொரில்லாக்களிடம் எடுத்தவற்றில் 100-க்கு 17.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மனிதர்கள் அதிகம் நடமாடும் இடத்தில் திரியும் கொரில்லாக் கூட்டத்தில் இந்தக் கிருமி அதிகம். மனித நடமாட்டம் குறையக் குறைய, கிருமியும் குறைகிறது.

"மருந்துக்கு அடங்காத கிருமி இயற்கையிலேயே இருக்கக் கூடாதா? மனிதன் மேல் ஏன் பழி போட வேண்டும்?" என்று சிலர் வாதாடுவது உண்டு.

இருக்கலாம். கனடா நாட்டில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில்கூட, மருந்தைத் தாங்கும் மரபணுக்கள் இருந்ததை 2011-ல் கண்டார்கள். அது உண்மைதான். ஆனால் இயற்கை மட்டுமே காரணம் என்றால், மனிதனுக்குப் பக்கத்தில் அதிகமாகவும் தூரத்தில் குறைவாகவும் இருப்பானேன்? எந்த மருந்தை மனிதன் அதிகம் தின்கிறானோ அந்த மருந்துக்கே குரங்கின் கிருமியும் அதிகம் அடங்காமல் இருப்பானேன்?

குரங்குக்கு என்ன கெட்டுப் போயிற்று?

வயிற்றில் கிருமி இருந்தால் இருக்கட்டும். குரங்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றலாம்.

நன்றாக இருக்கும் வரையில் நன்றாகத்தான் இருக்கும். நோய் வரும் நாளில்தான் ஆபத்து தெரியும்.

மனிதனின் நோய் மனிதக் குரங்குகளுக்கு எளிதில் தொற்றும். உடற்கூற்றில் அவை நமக்கு மிக நெருங்கிய சொந்தம். 1966-ம் ஆண்டு கோம்பே பகுதியில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மனிதர்களைத் தாக்கிய அந்த நோய் சிம்பன்சிகளையும் தாக்கியது.

மெக்கிரிகர் என்று பெயர் வைத்திருந்த ஒரு கிழச் சிம்பன்சிக்கு இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. கைகளை ஊன்றி, உடம்பைத் தரையில் இழுத்துக்கொண்டு அது நகர்ந்தது. பிழைக்க வழி இல்லை என்று தெரிந்தபின், அதன் வேதனையை முடிக்கச் சுட்டுக் கொல்ல வேண்டியதாயிற்று. மற்றச் சிம்பன்சிகளுக்கு வாழைப்பழத்தில் தடுப்பு மருந்தை வைத்துக் கொடுத்தார்கள்.

1996-ம் ஆண்டு பிவிண்டிக் காட்டில் கொரில்லாக்களுக்குச் சொறி வந்தது. மயிர் உதிர்ந்தது. தோல் வெடித்தது. ஒரு குட்டி இறந்துவிட்டது. பக்கத்துத் தோட்டங்களில் சோளக்கொல்லைப் பொம்மைகளுக்கு மாட்டியிருந்த பழந்துணிகளிலிருந்து இந்தச் சொறி தொற்றியிருக்கலாம் என்று கருதினார்கள். மற்ற கொரில்லாக்கள் மருந்தால் பிழைத்தன.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அன்று மருந்து கேட்டது. ஆகவே அவை பிழைத்தன. கேட்காமல் போயிருந்தால்?

காட்டு விலங்குக்கு வைத்தியம் செய்வது எளிதல்ல. காலை, பகல், இரவு என்று மூன்று வேளை மாத்திரை கொடுக்க முடியாது. தூரத்தில் நின்று ஊசியை எய்ய வேண்டும். மறுநாள் அது எங்கே இருக்கும் என்று யார் கண்டது? முதல் மருந்தே கேட்டாக வேண்டும். "இது கேட்கவில்லை, வேறு மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்று சொல்ல அங்கே அவகாசம் இல்லை. கோம்பேயில் ஒரு சிம்பன்சிக்குக் கடும் பேதி கண்டு, வைத்தியர் சல்பா மருந்தை எடுத்தால், அது வீணாகிவிடலாம் என்பதுதான் பரிசோதனை சொல்லும் செய்தி.

சிம்பன்சித் தாய் ஐந்து, ஆறு ஆண்டுக்கு ஒரு முறைதான் குட்டி போடும். நூறே உள்ள கூட்டத்தில் பத்து இறந்தால், அந்தக் குறையை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். மலைக் கொரில்லாக்களின் கதையும் இதுதான். 2018, 2019-ம் ஆண்டுகளில் வெளியான கணக்கின்படி உலகம் முழுவதும் இருந்தவை 1,063. நம் நாட்டில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளை விடக் குறைவு!

குற்றவாளி யார்?

"காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மக்களைக் காலி செய்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று சிலர் சொல்வார்கள். அதை நாம் ஒப்ப முடியாது.

டாங்கனிக்கா ஏரிக் கரையில் ஒரு மீனவன் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் குழந்தைக்குப் பேதி. டாக்டர் பக்கத்தில் இல்லை. கடை இருக்கிறது. கடையில் சல்பா மாத்திரை இருக்கிறது. தாய் என்ன செய்வாள்? கையில் உள்ள காசுக்கு இரண்டு மாத்திரை வாங்கிக் கொடுப்பாள். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

கழிப்பறை இல்லாதவன் ஓடைக் கரைக்குப் போகிறான். அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா?

அது மட்டும் அல்ல. உகாண்டாவில் கிபாலே என்ற காட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2007-ல் வெளிவந்தது. அங்கே சிம்பன்சிகளின் குடல் கிருமி யாருடைய கிருமியோடு அதிகம் ஒத்திருந்தது தெரியுமா? பக்கத்துக் கிராமத்தாருடைய கிருமியோடு அல்ல. சிம்பன்சிகளை ஆராயவும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டவும் வேலையில் இருந்தவர்களுடைய கிருமியோடுதான்!

2012-ல் இன்னொரு செய்தி வந்தது. உகாண்டாவிலும் சாம்பியாவிலும் அனாதைச் சிம்பன்சிகளை வளர்க்கும் காப்பகங்கள் உள்ளன. அங்கே சோதித்த சிம்பன்சிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றிடம், மனிதரிடம் காணப்படும் சீழ்க் கிருமி இருந்தது. அதில் சில, பல மருந்துகளுக்கு அடங்காதவை. இப்படிப்பட்ட சிம்பன்சியைக் காட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? கிருமியும் கூடவே போகும்.

ஆக, அடிக்க வந்தவன் மட்டும் அல்ல, அணைக்க வந்தவனும் கிருமியைக் கொண்டு வருகிறான். படித்தவன் கொண்டு வருகிறான். பணம் கொடுத்துப் பார்க்க வருகிறவனும் கொண்டு வருகிறான். ஏழைக் கிராமத்தான் ஒருவனை மட்டும் வெளியே தள்ளினால் தொல்லை தீராது.

சுற்றுலாவை நிறுத்திவிடலாமா? அதுவும் சரியல்ல. கொரில்லாவைப் பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் பணத்தில்தான் பெரும்பாலும் காவல் நடக்கிறது. பணம் நின்றால் காவல் தளரும். காவல் தளர்ந்தால் வேட்டைக்காரன் வருவான்.

வழி இருக்கிறது

வழி இல்லாமல் இல்லை. செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள்.

1996-ல் பிவிண்டிக் கொரில்லாக்களின் சொறியைக் கவனிக்கப் போனவர் கிளாடிஸ் கலேமா என்ற உகாண்டா நாட்டுப் பெண் வைத்தியர். கால்நடை மருத்துவம் படித்தவர். கொரில்லாவுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு அவர் திரும்பி வரவில்லை. "கொரில்லாவுக்குச் சொறி வருவதற்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொறி இருப்பது. அவனுக்கு வைத்தியம் செய்யாமல் கொரில்லாவுக்கு மட்டும் செய்து என்ன பயன்?" என்ற வழியில் அவர் யோசனை போயிற்று.

2003-ல் அவர் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தொண்டர்கள் காட்டோரக் கிராமங்களில் வீடு வீடாகப் போகிறார்கள். கை கழுவச் சொல்கிறார்கள். கழிப்பறையின் அவசியத்தைச் சொல்கிறார்கள். நோய் கண்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கொரில்லாக்களின் உடல்நிலையையும் கவனிக்கிறார்கள்.

மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல ஏறி வந்திருக்கிறது. மனிதக் குரங்கு இனங்களில் இப்படி ஏறுமுகம் கண்டது அபூர்வம். காவல், வைத்தியம், கிராம சுகாதாரம் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த காரியம் இது.

ஜேன் குடாலும் இதே முடிவுக்குத்தான் வந்தார். கோம்பேயைச் சுற்றி இருந்த மலைகள் மரமின்றி மொட்டையாகிப் போனதைக் கண்டு அவர் திடுக்கிட்டார். மக்கள் வறுமையில் இருக்கும் வரை குரங்கைக் காக்க முடியாது என்று உணர்ந்தார். 1994-ல் அவரது நிறுவனம் கிராம மக்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. மரம் நடுவது, பிள்ளைகள் படிப்பு, சுகாதாரம், நல்ல தண்ணீர் என்று அது வளர்ந்தது.

பார்க்க வருகிறவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. உகாண்டாவில் ஒரு கொரில்லாக் கூட்டத்தை ஒரு நாளில் எட்டுப் பேர்தான் பார்க்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போகக் கூடாது. காட்டில் மலம் கழிக்க நேர்ந்தால் ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும்.

இந்தச் சட்டங்களைப் பயணிகளுக்குப் போட்டதோடு நிறுத்தக் கூடாது என்பது நம் கருத்து. காட்டுக்குள் தங்கி வேலை செய்கிறவர்களுக்கு நல்ல கழிப்பறையும், ஆண்டுதோறும் வைத்தியப் பரிசோதனையும் வேண்டும். காட்டைப் பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, காட்டோரக் கிராமத்தின் தண்ணீர்க் குழாய்க்கும் ஆஸ்பத்திரிக்கும் கட்டாயம் போக வேண்டும். அதைத் தருமக் கணக்கில் எழுத வேண்டாம். குரங்கைக் காக்கும் செலவுக் கணக்கிலேயே எழுதலாம்.

நள்ளிரவில் பேதி கண்ட அந்த மீனவக் குழந்தைக்கு, பெரும்பாலும் தேவைப்படுவது சல்பா மாத்திரை அல்ல. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த கரைசல் பொட்டலம்தான். விலையும் மிகக் குறைவு. அந்தப் பொட்டலம் ஒவ்வொரு கிராமத்துக் கடையிலும் கிடைக்கும்படி செய்தால் குழந்தையும் பிழைக்கும், ஓடையும் பிழைக்கும், சிம்பன்சியும் பிழைக்கும்.

"மனிதன் சாகும்போது குரங்கு எதற்கு?"

இதுவும் சிலர் கேட்கும் கேள்வி. கோபத்தோடு கேட்பார்கள். கோபத்திலும் நியாயம் உண்டு.

2019-ம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் இறந்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர். இத்தனை பேர் சாகும்போது குரங்கைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

குரங்குக்கு ஒரு வைத்தியம், மனிதனுக்கு வேறு வைத்தியம் என்று இருந்தால் இந்தக் கேள்வி பொருந்தும். இங்கே இரண்டும் ஒன்றுதான். எந்த ஓடையைச் சுத்தமாக வைத்தால் சிம்பன்சி பிழைக்குமோ, அதே ஓடையைச் சுத்தமாக வைத்தால்தான் கரையில் உள்ள குழந்தையும் பிழைக்கும். கோம்பேயில் 100-க்கு 43 குரங்குகளிடம் அந்தக் கிருமி இருந்தது என்று வருந்துகிறோம். 100-க்கு 74 மனிதர்களிடம் இருந்ததை மறந்துவிடலாமா? சல்பா மருந்து கேட்காமல் முதலில் சாகப் போகிறவன் அவன்தான்.

குரங்கு ஓர் எச்சரிக்கை மணி. மருந்தே தின்னாத உயிரிடம் மருந்துக்கு அடங்காத கிருமி வந்துவிட்டது என்றால், தின்கிறவன் நிலை என்ன என்று யோசிக்க வேண்டாமா?

நாமும் கேட்டுக்கொள்ள வேண்டியது

டான்சானியா எங்கேயோ இருக்கிறது என்று நாம் இருந்துவிட முடியாது. சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கும் பழக்கம் நம் நாட்டிலும் உண்டு. இதைப் பற்றிப் பேச 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடின. மருந்தைக் கட்டுப்பாடு இல்லாமல் விற்கக் கூடாது என்று அங்கே வற்புறுத்தப்பட்டது. முக்கியமான பல கிருமிக்கொல்லி மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, யாருக்கு விற்றோம் என்று எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது.

சட்டம் கடை வாசல் வரைதான் வரும். அதற்கு மேல் நம் கையில் இருக்கிறது.

சாதாரணச் சளிக்கும் ஜலதோஷத்துக்கும் கிருமிக்கொல்லி மருந்து கேட்காது. டாக்டர் எழுதித் தராத மருந்தை வாங்க வேண்டாம். எழுதித் தந்ததை அவர் சொன்னபடியே சாப்பிடுங்கள். போன முறை மிஞ்சிய மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தர்மம் செய்ய வேண்டாம். மலைப் பாதையில் குரங்குகளைக் கண்டால் கடித்த பண்ணையும் மிச்சச் சோற்றையும் எறிய வேண்டாம்.

கடைக்காரர் "இரண்டே மாத்திரை, சரியாகிவிடும்" என்று நீட்டும்போது, "டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல், உங்கள் வீட்டுக் குழந்தைக்கு நாளை மருந்து கேட்பதற்காக நீங்கள் இன்று சேர்த்து வைக்கும் சொத்து.